சின்னத்துரை தோற்கும் வரை

நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவன் தோற்க வேண்டுமென்று சில வருஷங்கள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். இத்தாலிக்காரன். டென்னிஸ் ஆடுவது அவன் தொழில். எனக்கு அவன் ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் மனைவிக்குச் சம்பளத்தை நாள் தவறாமல் கொடுத்தான். நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் மகளுக்குக்கூட உடுப்பு வாங்கி அனுப்பினான். ஆனால் அவன் ஆட்டத்தை விடும்வரை என் மனைவி லீவுக்குக்கூட ஊருக்கு வர முடியாது. அந்த வீட்டில் வேலைக்குச் சேரும்போது பேசிக்கொண்டது அப்படித்தான்.

மகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய வருஷம் மனைவி இத்தாலிக்குப் போனாள். நான் கண்டி டவுனில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். கட்டுக்கலையில் வாடகை வீடு. என் சம்பளத்தில் சாப்பிடலாம், படிக்க வைக்கலாம், சொந்தமாக ஒரு சுவர் எழுப்ப முடியாது. குண்டசாலைப் பக்கம் துண்டுக் காணி ஒன்று கிடந்தது. அதில் ஒரு வீடு நிமிர வேண்டும் என்பதற்காகத்தான் போனாள். போ என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படும்.

வடக்கு இத்தாலியில் ஏதோ ஏரிக்கரை ஊர். டென்னிஸ்காரனின் தாய்க்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தகப்பன் இல்லை. அவனோ வருஷத்தில் முக்கால்வாசி நாள் பையைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போகிறவன். தாயோடு இருக்க ஓர் ஆள் வேண்டும்.

"அவரு வெளையாட்ட விட்டதும் அம்மாவ அவரே பாத்துக்குவாராம். அது வரைக்கும் நான் இருக்கணுமாம்" என்றாள் போனில்.

"எவ்வளவு காலத்துக்கு வெளையாடுவாரு?"

"இப்பவே இருவத்தொம்பது வயசு. டென்னிஸ்ல அதெல்லாம் கெழடாம். இன்னும் ரெண்டு வருஷம் ஆடுனாலே பெரிய விஷயம்னு அவரே சொல்றாரு."

ரெண்டு வருஷம் என்பது எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னோம்.

அவள் ஹேவாஹெட்டவில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தில் மேலே இருப்பவர் பெரிய துரை, அவருக்கு அடுத்தவர் சின்னத்துரை. அந்தப் பழக்கத்தில் அவனைச் சின்னத்தொரை என்றாள், பாதி கேலியாக. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. அவன் சொந்தப் பெயர் எங்கள் வாயில் நேராக வந்ததே இல்லை.

டென்னிஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து மட்டும்தான். அந்தப் பந்தை வைத்து ரோட்டில் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். ஆகவே பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். அவர் திகனயிலிருந்து பஸ்ஸில் வருகிற முஸ்லிம் நண்பர். பல்லேகலவில் கிரிக்கெட் மெச் நடக்கும் நாட்களில் அவருக்குத் தவறாமல் காய்ச்சல் வரும். அவருக்கும் டென்னிஸ் தெரியாது, ஆனால் எந்த விளையாட்டானாலும் போனில் ஸ்கோரை எங்கே பார்ப்பது என்று தெரியும். இரண்டு பேருமாக உட்கார்ந்து எண்ணிக்கையைப் பழகினோம். பதினைந்து, முப்பது, நாற்பது. முப்பதுக்குப் பிறகு ஏன் நாற்பத்தைந்து இல்லை என்று ஒரு மதியம் முழுக்க வாதாடினோம்.

"பூச்சியத்துக்கு லவ்வாம் மச்சான்" என்றார் அவர். "ஒண்டுமே இல்லாததுக்கு வெள்ளக்காரன் வெச்சிருக்கிற பேரப் பாரு."

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

சின்னத்துரையின் கதை பெரிய கதை அல்ல. சின்ன வயதில் சுடர்விட்டவன். பதினாறு வயதில் அவனை எல்லாரும் நாளைய ஆள் என்றார்களாம். அந்த நாளை வரவேயில்லை. உலகத் தரவரிசையில் நூற்றைம்பதுக்கும் இருநூறுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். தொலைக்காட்சியில் காட்டும் பெரிய போட்டிகளில் தகுதிச் சுற்றோடு நின்றுவிடுவான். மற்ற வாரங்களில் துனிசியா, கசகஸ்தான், போர்த்துக்கலில் பேர் தெரியாத ஊர்கள். பார்க்க நாற்பது பேர் வருகிற மைதானங்கள். ஒற்றைக் கையால் அடிக்கிற அவனுடைய பேக்ஹேண்டைப் பார்த்தால் எவருக்கும் பிடிக்கும். ஆனால் சேர்வில் வேகம் இல்லை. அழகான அடியை வைத்துக்கொண்டு அரை அடி பின்னால் நிற்கிற ஆள். கந்தோரில் எனக்குத் தெரிந்த பலர் அப்படித்தான், நானும் அதில் சேர்த்தி.

"தொரைன்னு பேருதான்" என்பாள் அவள். "ஹோட்டல்ல சாக்ஸ அவரேதான் கழுவிக் காயப்போடுறாரு. பிளேன்ல போனா செலவுன்னு ராத்திரி கோச்சியில போறாரு."

அவள் இதைச் சொல்லும் குரலில் ஓர் அனுதாபம் இருக்கும். மாதக் கடைசியில் சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிக்கும் எனக்கு அந்த அனுதாபம் பிடிக்கவில்லை.

அவன் மாதக்கணக்காக வீட்டோடு கிடந்த காலம் ஒன்று வந்தது. கொரோனா. போட்டிகள் எல்லாம் நின்றன. தாய்க்கு அவனே சமைத்தான், அவனே குளிக்க வார்த்தான். என் மனைவி வேலையில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை அனுப்பிவைக்க அவனும் தயார், வர அவளும் தயார். விமானம் இல்லை. இங்கே ஊரடங்கில் நான் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அடி வாங்கிக்கொண்டிருந்தேன். விமானங்கள் திரும்பப் பறந்தபோது அவனும் பையைத் தூக்கிவிட்டான்.

பிறகு பாரிஸ். செம்மண் தரையில் ஆடும் அந்தப் பெரிய போட்டியில் தகுதிச் சுற்று மூன்றையும் தாண்டி உள்ளே போய்விட்டான். முதல் ஆட்டத்திலேயே பெயர் பெற்ற ஒருவனை ஐந்து செட் ஆடி வீழ்த்தினான். எங்களுக்குச் சாயந்தர நேரம். மகள் டியூஷன் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. திரையில் என் மனைவியின் முகம் பாதிதான் தெரிந்தது. பின்னால் கிழவி ஒற்றைக் கையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டாருங்க! ஜெயிச்சுட்டாரு!"

நல்லது என்றேன். வேறென்ன சொல்வது? அந்த வெற்றிக்குப் பிறகு சில மாதங்களில் தரவரிசையில் நூறுக்குள் வந்துவிட்டான். சப்பாத்துக் கம்பனி ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டது. பெரிய போட்டிகளுக்கு நேராகவே நுழையலாம் என்றாயிற்று. ஆட்டத்தை விடுகிற பேச்சே அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் அவன் என் மனைவிக்குக் கொடுத்த காசில்தான் குண்டசாலை வீட்டுக்குக் கூரை ஏறியது. அவன் ஜெயித்தால் வீட்டில் வேலை நடக்கும், தோற்றால் வீட்டுக்கு ஆள் வரும். எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பிள்ளையாருக்கு வெறுமனே தேங்காயை உடைத்துவிட்டு வருவேன்.

பக்கத்து மேசைக்காரரிடம் ஒருநாள் கேட்டேன், நீயாவது துஆ கேளேன் என்று.

"ஒராள் தோக்கோணும்டு துஆ கேக்க ஏலாது மச்சான்" என்றார் யோசித்துவிட்டு. "ஒங்கட பொண்சாதி சுகமா வந்து சேரோணும்டு கேக்குறன். மிச்சத்த அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான்."

அடுத்த வருஷம் அந்த நாள் வந்தது. ஏதோ ஜெர்மன் ஊரில் ஆட்டம். கந்தோரில் பைல் ஒன்றுக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் செட்டை எடுத்திருந்தான். இரண்டாவதில் நான்குக்கு நான்கு. கொஞ்ச நேரம் எண் அசையவில்லை. பிறகு அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் விழுந்தது. ரிட்டயர்ட்.

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். ஒரு பிரியாவிடைச் சாப்பாடு, ஒரு சுவர்க்கடிகாரம், அதற்குப் பிறகு பென்ஷன். ஆட்டத்தின் நடுவில் ஒருவன் ஏன் ரிட்டயர் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மனம் வெறுத்திருப்பான், மட்டையை வைத்துவிட்டு நடந்திருப்பான் என்று நினைத்தேன். எங்கள் கந்தோரிலேயே ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் அப்படியே ரிட்டயர்மென்ட் கடிதம் அனுப்பியிருக்கிறார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அடுத்த அறைக்காரர்களுக்கும் சொல்லியாயிற்று. கன்டீனிலிருந்து எல்லாருக்கும் ரோல்ஸ் எடுப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் நேராகப் போய் அலுமாரியில் தன் உடுப்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். மற்றப் பக்கத்தைத் துணியால் துடைத்தாள். ஹேங்கர்கள் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

வழக்கமான நேரத்துக்கு மனைவி போனில் அழைத்தாள்.

"டிக்கட் எப்பத்துக்குப் போட்டிருக்கு?" என்றேன்.

"என்னா டிக்கட்?"

"சின்னத்தொரை ரிட்டயர் ஆகிட்டாரே."

 சிரித்தாள். கேலியாக இல்லை, சின்னப் பிள்ளை தவறாகச் சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு.

"ஐயோ, கணுக்கால் பெரண்டுருச்சுங்க. ஏலாம நிப்பாட்டுனா அதுக்குப் பேரு ரிட்டயராம். அந்த ஆட்டத்துக்கு மட்டுந்தான். ரெண்டு கெழமையில திரும்ப ஆடுவாரு."

மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உடுப்புகளை உடனே நிரப்பவில்லை. அந்தப் பக்கம் ரொம்ப நாள் காலியாகவே இருந்தது, பிறகு எப்போது நிரம்பியது என்று நான் கவனிக்கவில்லை. கந்தோரில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் சொல்லி வைத்திருப்பார்.

அன்றோடு எனக்குள் ஏதோ மரத்துப்போயிற்று. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னத்தைத் தொடுவதுபோல இருக்குமே, அப்படி. இன்னமும் தினம் ஸ்கோரைப் பார்த்தேன். பழக்கம். கணுக்கால் ஆறி வந்தவனுக்குத் தோள்பட்டை போயிற்று. தோள்பட்டை சரியாகி முழங்கையில் கத்தி வைத்தார்கள். நூறுக்குள் இருந்தவன் முந்நூறுக்குப் போனான். வாரா வாரம் முதல் சுற்றிலேயே தோற்றான், தன்னைவிடப் பத்து வயது இளையவர்களிடம் தோற்றான். ஒரு காலத்தில் இதற்காகத்தானே தேங்காய் உடைத்தேன். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"அப்பா, தோத்துட்டாரு" என்பாள் மகள்.

"ம்" என்பேன்.

நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களும் போயின. வீட்டுக்குக் கதவு போட்டோம், நிலத்துக்கு மாபிள் போட்டோம், குடி போனோம். புது வீட்டை அவள் போனில்தான் பார்த்தாள். கமராவைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். சுவரில் பெயின்ட் நல்லாயிருக்கு என்றாள். நல்லாயிருக்கு என்று நானும் சொன்னேன். பேச்சுக்கு நடுவில் "நோனாவுக்கு மருந்து குடுக்கணும், வச்சிடுறேன்" என்று வைத்துவிடுவாள்.

அந்த நோனா என்கிற சொல் எனக்கு முள்ளாகக் குத்தும். நம் ஊரில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எசமானியைக் கூப்பிடுகிற சிங்களச் சொல் அது. ஒரு கிளார்க்கின் பெண்டாட்டி இன்னொருத்தியை நோனா என்று கூப்பிடுகிறாள், அதுவும் கடல் தாண்டிப் போய். பல வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னேன்.

"அந்தக் கெழவிய நோனான்னு சொல்லாதயேன். மேடம்னு சொல்லலாந்தானே?"

"நோனா இல்லைங்க" என்றாள். "நொன்னா. அவங்க பாஷையில பாட்டின்னு அர்த்தம். முன்னாடி சிஞ்ஞோரான்னுதான் சொன்னேன். அவங்கதான் அழுது, நொன்னான்னு கூப்பிடுன்னு சொன்னாங்க."

வேலைக்காரியாக இருக்கிறாள் என்று நினைத்திருந்த காலத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. பாட்டி பேத்தியாக இருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று பயமாக இருந்தது. அந்தப் பயமும் இரண்டு மூன்று நாளில் மரத்துவிட்டது.

சின்னத்துரை கடைசியாக ஆடியது அவனுடைய ஊரிலேயே. சின்னப் போட்டிதான், ஆனால் இது கடைசி என்று முன்கூட்டியே அறிவித்திருந்தான். ரிட்டயர் என்ற சொல்லுக்கு இம்முறை எங்கள் அர்த்தம். நான் யாரிடமும் சொல்லவில்லை. மகள் போனில் நேரடி ஒளிபரப்பைத் தேடிப் பிடித்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை, என்னைவிட உயரம். இருவரும் மேசையில் தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம்.

அன்றுதான் அவன் முழு ஆட்டத்தையும் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரைக்கும் எனக்கு அவன் வெறும் எண். தலையில் முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. முழங்கையில் கறுப்புப் பட்டி. எதிரில் ஒரு பொடியன், அடிக்கிற அடியெல்லாம் சுவரில் அடித்ததுபோலத் திரும்பி வந்தது. சின்னத்துரை ஒரு பந்தை அந்த ஒற்றைக் கையால் கோட்டோரமாக அடித்தான். பொடியன் அசையவேயில்லை. கூட்டம் எழுந்தது. என்னை அறியாமல் நானும் கதிரையில் நிமிர்ந்தேன். அடுத்த நான்கு பந்தில் ஆட்டம் முடிந்துவிட்டது.

அவன் நடுவில் வந்து கையைத் தூக்கினான். கமரா ஆட்கள் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் சக்கரக் கதிரையில் கிழவி. பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு என் மனைவி. அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை. தோள் குலுங்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிழவி அவள் கையைத் தடவிக்கொடுத்தாள்.

அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வழியனுப்பிய அன்றும் அவள் அழவில்லை, பையின் சிப்பைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் காத்திருந்த தோல்வி இது. அதற்கு அவள் அங்கே அழுகிறாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் ஒன்றும் இருந்திருக்காது. போனை அணைத்துவிட்டுச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதைச் சொல்லத்தான் வேண்டும். வெளியூர்ப் பயணங்களை விட்டுவிட்டு உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கப் போகிறான், தாயை அவனே பார்த்துக்கொள்வான். டிக்கட் அவன் செலவு. விமான நிலையம்வரை அவனே காரோட்டி வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தானாம். கிழவியிடம் சந்தைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம்.

கட்டுநாயக்கவில் வெளியே வந்தபோது முதலில் அவளை மகள்தான் கண்டுகொண்டாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். மகளைக் கட்டிப்பிடிக்க வந்தவள், அவளுடைய உயரத்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். என்னிடம் "எப்பிடி இருக்கீங்க?" என்றாள். நல்லாயிருக்கேன் என்றேன். வேனில் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். கடுகண்ணாவையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது, கோப்பைகளை அவளே கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக நேராக வைத்தாள். உள்ளே வந்து நின்றாள். அவள் காசில் எழுந்த சுவர்கள், அவள் காசில் ஏறிய கூரை. சுற்றிப் பார்த்தாள். போனில் பார்த்ததைவிடப் பெரிசா இருக்கு என்றாள். பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"நான் எந்த ரூம்ல படுக்கட்டும்?" என்று என்னைக் கேட்டாள்.

என் அறை என்று ஒன்று இருக்கிறது. அதில் கட்டில் இருக்கிறது. நடுவில் படுத்துப் பழகிய கட்டில். வா என்று ஒரு சொல் சொன்னால் போதும். 

"ஒனக்கு எது வசதியோ" என்றேன். விருந்தாளிக்குச் சொல்வதுபோல.

அவள் நடந்துபோய் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். குசினியை ஒட்டி ஒரு சின்ன அறை, அரிசியும் தேங்காயும் போட்டு வைக்க நாங்கள் கட்டியது. அங்கே போய்ப் பெட்டியை இறக்கினாள்.

"இது போதும். அங்கயும் குசினிக்குப் பக்கத்துலதான் படுப்பேன். கூப்புட்டா கேக்கணுமில்ல."

மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க யாரும்மா ஒங்களக் கூப்புடப் போறா?" என்றாள்.

 மனைவி என்னைத்தான் பார்த்தாள். நான் அரிசி மூட்டையை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு, போய் அவளுக்கு ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன்.